நீங்கள் வேலை செய்த சொற்களோடு வாருங்கள்: கவிதைப் பட்டறை கேள்வி பதில்

வளர்ந்தவர்களுக்காகக் கல்லடியில் நான் நடத்தும் கவிதைப் பட்டறையின் அடுத்த சுற்று, பெரும்போக அறுவடை முடிந்த கையோடு தொடங்குகிறது. அறிவித்தல் போன நாளிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு அப்படி முடியாது.

ஏறாவூர், ஆசிரியை: டீச்சர், எனக்கு நாற்பத்தாறு வயது. ஏ.எல். படிக்கும்போது எழுதினேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், பள்ளிக்கூடம் என்று விட்டுப்போய்விட்டது. இந்த வயதில் கவிதை வருமா?

வரும் தங்கச்சி. உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தப் பட்டறையையே வைக்கிறேன்.

இருபது வயதில் எழுதுகிறவருக்கு வேகம் இருக்கும், சொல் இருக்காது. நிலா, கண்ணீர், சிறகு, கனவு என்று எல்லாரும் எடுக்கிற சொற்கள்தான் அவருடைய கைக்கும் வரும். உங்களிடம் இருபது வருட வேலையின் சொற்கள் இருக்கின்றன. வரவு இடாப்பு, வெண்கட்டித் தூள், தவணைப் பரீட்சைத் தாள்க் கட்டு, மழை நாளில் மூன்று பிள்ளைகள் மட்டும் வந்திருக்கும் வகுப்பறை. இவை கவிதைக்கு ஆகாத சொற்கள் என்று நாங்கள் எங்கோ படித்துவிட்டோம். பள்ளிக்கூடக் கட்டுரை அப்படிப் பழக்கிவிட்டது என்று நினைக்கிறேன். கவிதைக்கென்று தனியாக ஒரு சொற்பட்டியல் இருப்பதாக நம்பி, பேனையைத் தொட்டவுடன் வேறு ஆளாக மாறிவிடுகிறோம்.

அதனால் முதல் நாள் கவிதையே எழுதமாட்டோம். உங்கள் வேலைக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த முப்பது சொற்களை எழுதச் சொல்வேன். வயல் செய்கிறவர் வக்கடை, உப்பட்டி, பதர், சூடு என்று எழுதுவார். மருதமுனையிலிருந்து வருகிற நெசவாளி பாவு, நாடா, அச்சு என்று எழுதுவார். அந்தப் பட்டியலை உரக்க வாசிக்கும்போது மற்றவர்கள் நிமிர்ந்து இருந்து கேட்பார்கள். அந்த நிமிர்வு உங்கள் கவிதைக்கும் கிடைக்க வேண்டும்.

கல்லடி, வங்கி ஊழியர்: பட்டறை என்றால் சொற்பொழிவா? மூன்றரை மணித்தியாலம் என்ன செய்வீர்கள்?

சொற்பொழிவு இல்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வட்டமாக இருப்போம். முதல் இருபது நிமிடம் எல்லாரும் கையால் எழுத வேண்டும். போன் பைக்குள் போய்விடும். எதைப் பற்றி என்று நான் சொல்வேன். ஒருநாள் 'உங்கள் வீட்டுக் கிணற்றடி' என்பேன், இன்னொரு நாள் 'நீங்கள் கடைசியாகப் பிந்திப்போன இடம்' என்பேன். நல்லதாக எழுத வேண்டும் என்ற கட்டாயம் அந்த இருபது நிமிடத்துக்கு இல்லை.

அப்புறம், போன கிழமை தந்துவிட்டுப் போன கவிதைகளை எடுப்போம். எல்லார் கையிலும் போட்டோ கொப்பி இருக்கும். எழுதியவர் தன் கவிதையை வாசிக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் வாசிப்பார். இந்த விதியை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை. எழுதியவரே வாசித்தால் கவிதையில் இல்லாததைத் தன் குரலால் நிரப்பிவிடுவார். இன்னொருவர் முதல் தடவையாகப் பார்த்து வாசிக்கும்போது எந்த வரியில் மூச்சு முட்டுகிறது, எந்த இடத்தில் நின்று திரும்பிப் போகிறார் என்பதெல்லாம் எழுதியவருடைய காதுக்கே கேட்டுவிடும். யாரும் குறை சொல்லத் தேவையில்லை.

பிறகு மற்றவர்கள் பேசுவார்கள். எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது, விளக்கம் சொல்லக்கூடாது. 'அருமை', 'சூப்பர்' என்பவற்றுக்கும் இடமில்லை. எந்த வரி உங்களிடம் தங்கியது, எங்கே விளங்கவில்லை, எதை எடுத்தால் ஒன்றும் குறையாது என்று தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில் எழுதியவருக்கு ஐந்து நிமிடம். முதல் தடவை எல்லாருக்கும் கொஞ்சம் சுடும். நடுவில் பிளேன்டீ குடிக்கும்போது சரியாகிவிடும்.

காரைதீவு, ஓய்வுபெற்ற அஞ்சல் அதிபர்: யாப்புத் தெரியாமல் வசனத்தை முறித்துப் போட்டுவிட்டுக் கவிதை என்கிறார்கள். உங்கள் பட்டறையில் யாப்பு உண்டா?

ஐயா, விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள். பழைய தமிழிசையை அளவு கணக்கோடு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர் அவர். அந்த ஊர்க்காரருக்கு மேலோட்டமாகப் பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

யாப்பு உண்டு. எட்டு வாரத்தில் இரண்டு வாரம் அதற்குத்தான். ஆனால் இலக்கணக் குறிப்பாகத் தொடங்கமாட்டேன். ஓ.எல். பரீட்சைக்காக நேர், நிரை என்று அசைகளை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தவர்கள்தான் எங்களில் அதிகம். அதனால் கையால் மேசையில் தட்டிக்கொண்டு சொல்லிப்பார்ப்போம். இந்த இரண்டடிக் குறள் வெண்பாவைப் பட்டறைக்காகவே கட்டினேன்:

கச்சான் அடிக்கக் கரையோரத் தோணியின்கீழ்
உச்சிப் பொழுதில் உறங்கு.

'கச்சான்' (மேல்காற்று) நேர் நேர், அதாவது தேமா. மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், 'அடி' என்று தொடங்குகிறது. 'அடிக்க' நிரை நேர், புளிமா, அதற்குப் பிறகும் 'கரை' என்று நிரை. 'கரையோர', 'தோணியின்கீழ்' இரண்டும் நேரில் முடிகிற மூன்றசைக் காய்ச்சீர். காய்க்குப் பிறகு நேர் வர வேண்டும், 'தோ', 'உச்' என்று வருகிறது. கடைசிச் சீர் 'உறங்கு' பிறப்பு என்ற வாய்பாட்டில் நிற்கிறது. 'கச்', 'உச்' என்று இரண்டாம் எழுத்து ஒத்து எதுகை. இவ்வளவும் தெரியாதவர்கூட இரண்டு தடவை சொல்லிப்பார்த்தால் எங்கேயும் கால் தட்டாது. 'உறங்கு' என்ற இடத்தில் 'தூங்கு' என்று மாற்றிச் சொல்லிப்பாருங்கள், உடனே இடறும். பொருள் மாறவில்லை, ஆனால் 'பொழுதில்' புளிமா, அதற்குப் பிறகு நேரசை வந்துவிட்டது. காது முதலில் கண்டுபிடிக்கிறது, இலக்கணம் பிறகு வந்து காரணம் சொல்கிறது.

வெண்பாவே எழுத வேண்டும் என்று நான் யாரையும் கேட்பதில்லை. ஒரேயொரு குறள் வெண்பாவையாவது தட்டுத்தடுமாறிக் கட்டியவர், பிறகு புதுக்கவிதை எழுதும்போது வரியை எங்கே முறிப்பது என்று யோசிப்பார். வசனத்தை நினைத்த இடத்தில் வெட்டிப்போடுவதில் உங்களுக்கு இருக்கிற கோபம் எனக்கும் இருக்கிறது. புதுக்கவிதையில் ஒவ்வொரு வரி முறிவுக்கும் காரணம் கேட்பேன். சொல்ல முடியாவிட்டால் சேர்த்து எழுதச் சொல்வேன்.

அக்கரைப்பற்று, தாதி உத்தியோகத்தர்: என் உம்மம்மா கவி சொல்வா. மச்சான் மச்சி என்று வரும் நாலு வரிக் கவிகள். அவவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது இலக்கியமா? நான் அதை வைத்து எழுதலாமா?

மகள், முதலில் இன்றைக்கே போய் அவவின் பக்கத்தில் இருந்து போனில் பதிவு செய்யுங்கள். பட்டறை பிறகு.

அக்கரைப்பற்று, சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களிலும், மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் உள்ள தமிழ் ஊர்களிலும் இந்தக் கவி மரபு ஓடிக்கொண்டிருந்தது. வயல் காவலுக்குப் பரணில் இருந்தவர்கள், வெட்டுக்குப் போனவர்கள், பன் பாய் பின்னிய பெண்கள் சொன்னவை அவை. பாட்டுக் கட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அது இலக்கியமா என்ற கேள்வி வேண்டாம். நாலு வரிக்குள் ஒருவர் இன்னொருவரிடம் பேசுகிறார், பேச முடியாத ஒன்றை வயலையோ மாட்டையோ வைத்துப் பேசிமுடிக்கிறார். இதைவிடப் பெரிய பாடம் ஒன்றை நான் வட்டத்தில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

பதிவு செய்யும்போது திருத்தாதீர்கள். 'காத்து' என்று அவ சொன்னால் 'காற்று' என்று எழுதவேண்டாம். யார் யாருக்குச் சொல்கிற கவி, எந்த நேரத்தில் சொல்வது, அவவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கவியை மட்டும் எடுத்து வைத்தால் பாதிதான் எடுத்ததாகும்.

நீங்கள் எழுதுவதற்கு வருகிறேன். அதே மாதிரி மச்சான், மச்சி என்று போட்டு எழுதினால் போலியாகிவிடும், உங்கள் வாழ்க்கையில் பரணும் இல்லை, காவலும் இல்லை. ஆனால் அந்தக் கவி செய்கிற காரியத்தை எடுக்கலாம். இரவு வேலை முடிந்து காலை பஸ்ஸுக்கு நிற்கிற தாதி, நேரே சொல்ல முடியாத ஒன்றை யாரிடம் சொல்வா? எதை வைத்துச் சொல்வா? வாட்டில் இருக்கும் சேலைன் போத்தலை வைத்தா? நாலே வரி. ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள்.

வாழைச்சேனை, ஆட்டோ ஓட்டுநர்: பேச்சுத் தமிழில் எழுதினால் மற்ற ஊர்க்காரருக்கு விளங்குமா? 'ஏலா', 'மனே' எல்லாம் போடலாமா?

போடலாம் தம்பி. ஈழத்துக் கவிஞர்களான மஹாகவி உருத்திரமூர்த்தியும் எங்கள் நீலாவணனும் ஐம்பது, அறுபதுகளிலேயே யாப்புக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் திறந்த கதவுக்கு இப்போது அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஒரு கவனம் மட்டும். பேச்சுத் தமிழை மணத்துக்காகத் தூவக்கூடாது. கவிதையில் பேசுகிறவர் அப்படித்தான் பேசுவார் என்றால் முழுக்க அப்படி எழுதுங்கள். 'என்ன மனே, சாப்பிட்டயா' என்று கேட்கிற அம்மா அடுத்த வரியில் 'இன்பமயமான காலைப்பொழுது' என்று பேசமாட்டா. ஒருமாதிரி எழுத்துக்கூட்டலை எடுத்தால் கடைசிவரை அதையே வையுங்கள். மற்ற ஊர்க்காரருக்கு ஒரு சொல் விளங்காவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வார். யாழ்ப்பாணத்துச் சொல்லையும் தஞ்சாவூர்ச் சொல்லையும் நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

மட்டக்களப்பு நகரம், மாணவி: வாவியைப் பற்றி எழுதும்போது பாடும்மீனை எழுதாமல் முடியவில்லை டீச்சர்.

எழுதுங்கள், ஆனால் நீங்கள் கேட்டிருந்தால் மட்டும். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பை நீருக்குள் இறக்கி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ஒருமுறை அப்படிப் போய்க் கேளுங்கள். ஈரக் கட்டை காதில் படும்போது எப்படி இருந்தது, தோணிக்காரர் என்ன சொன்னார், ஒன்றும் கேட்காவிட்டால் அந்தக் கேட்காமையையும் எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடி, தையல் வேலை செய்பவர்: அம்மா போய் ஏழு மாதம். ஒரு கவிதை எழுதியிருக்கிறேன், திருத்தித் தருவீர்களா? 'என் மனம் எனும் வானில் / சோக மேகங்கள் சூழ / கண்ணீர் மழை பொழிகிறது. / அம்மா, நீ இல்லாத வீட்டில் / தனிமை என்னைத் தின்கிறது.' எனக்கு எழுத வராது என்று தெரியும். இப்போது பாதித் தேங்காய் போதும், ஆனாலும் பழக்கத்தில் ஒரு முழுத் தேங்காயை உடைத்துவிட்டு, மற்றப் பாதிக்கு உப்புத் தடவி வைக்கிறேன், அதையெல்லாம் கவிதையில் போட முடியாதுதானே.

அதைத்தான் போட வேண்டும் தங்கச்சி.

உங்கள் ஐந்து வரியையும் எடுத்துப் பார்ப்போம். மனம் வானம், சோகம் மேகம், கண்ணீர் மழை. இவை உங்களுக்கு முன்பே ஆயிரம் பேர் கையில் இருந்தவை. அவற்றில் உங்கள் அம்மா இல்லை. யாருடைய அம்மாவையும் அங்கே வைத்துவிடலாம். 'தனிமை தின்கிறது' என்பதும் அப்படித்தான். துக்கம் பொய்யில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் துக்கத்தைச் சொல்லத் தொடங்கியதும் வீட்டை விட்டு வெளியே போய்விட்டீர்கள்.

கவிதை முடிந்துவிட்டது என்று நினைத்து, என்னிடம் சாதாரணமாகச் சொன்ன வசனத்தில்தான் நீங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள். குசினி இருக்கிறது, கத்தி இருக்கிறது, இரண்டு பேருக்குச் சமைத்த கை இருக்கிறது. உங்கள் சொற்களை நான் மாற்றவில்லை, அடுக்கிவைக்கிறேன்:

பாதித் தேங்காய் போதும் இப்போது.
பழக்கத்தில்
முழுத் தேங்காயை உடைத்துவிட்டு
மற்றப் பாதிக்கு
உப்புத் தடவி வைக்கிறேன்.

'அம்மா' என்ற சொல்லே இதில் இல்லை. தலைப்பில் வைக்கலாம், 'அம்மா போய் ஏழாம் மாதம்' என்று. அப்போது கவிதைக்குள் அவவை அழைக்கத் தேவையே வராது. இரண்டாவது வரியில் 'பழக்கத்தில்' மட்டும் தனியாக நிற்கிறது. வாசிக்கிறவர் அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி முறித்தேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் சேருங்கள். 'இப்போது' என்பதும் இல்லாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, நீங்கள் உரக்கச் சொல்லிப் பார்த்து முடிவெடுங்கள். இது உங்கள் கவிதை. கட்டாயம் பட்டறைக்கு வாருங்கள்.

நாவலடி, மீன்பிடி: 2004 சுனாமியில் எங்கள் வீட்டில் மூன்று பேரைக் கொடுத்தோம். அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் பொய் மாதிரி இருக்கிறது. எழுத இருந்தாலோ கை போகாது.

தம்பி, எழுதியே ஆக வேண்டும் என்று உங்களை யாரும் கேட்கக்கூடாது. நானும் கேட்கமாட்டேன். அந்த டிசம்பர் 26ஐயும், வன்செயல் காலத்தையும், காணாமற்போனவர்களையும் நான் தலைப்பாகக் கொடுப்பதேயில்லை. தலைப்புக் கொடுத்து எழுதவைக்கிற விடயங்கள் இல்லை அவை.

எழுத வேண்டும் என்று நீங்களே நினைத்தால் நேரே அலைக்குள் போக வேண்டாம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினமும்கூட. அதற்கு முந்தின நாள் என்ன செய்தீர்கள்? யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்? வலை எங்கே காய்ந்தது? அதை மட்டும் எழுதுங்கள். வாசிக்கிறவருக்குத் திகதி தெரிந்தால் போதும், மீதியை அவர் சுமந்துகொள்வார். அளவுள்ள வடிவமும் சிலருக்கு உதவுகிறது. சீரையும் எதுகையையும் எண்ணிக்கொண்டிருக்கும்போது கை நடுங்காமல் எழுதிக்கொண்டு போகும். வெறும் தாளில் உடைந்துபோகிற ஒருவர் நாலு வரிக் கட்டுக்குள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எழுத முடியாத நாளில் நிறுத்திவிட்டு எழும்பிப் போங்கள். பட்டறையிலும் அதற்கு இடமிருக்கிறது. எழுதியதை வாசிக்கக் கொடுக்காமல் வைத்திருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

ஓட்டமாவடி, கடை வைத்திருப்பவர்: தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வட்டத்தில் இருந்து பழைய காயங்களை எழுதினால் பிரச்சினை வராதா?

கனமான நாட்கள் வரும். அதற்காகப் பிரித்துப் பிரித்து இரண்டு வட்டம் வைக்கமாட்டேன்.

சில ஒழுங்குகள் இருக்கின்றன. உங்களுக்கு அல்லது உங்கள் வீட்டுக்கு நடந்ததை எழுதலாம். ஒரு சமூகம் முழுவதும் இன்னொரு சமூகத்துக்குச் செய்தது என்று எழுதுவது கட்டுரைக்கான வேலை, அதை இங்கே எடுக்கமாட்டோம். ஒருவருடைய இழப்புக்கு உங்கள் இழப்பால் பதில் சொல்லக்கூடாது. 'இது உண்மையா' என்று கேட்கக்கூடாது, 'இந்த வரி நிற்கிறதா' என்றுதான் கேட்கலாம். வட்டத்தில் கேட்டது வட்டத்துக்கு வெளியே போகக்கூடாது. இன்னொருவருடைய கவிதையை நீங்கள்தான் உரக்க வாசிக்க வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அந்த விதி இங்கேதான் தன் முழு வேலையையும் செய்கிறது. அவருடைய உம்மாவின் கதையை உங்கள் வாயால் நிறுத்தி நிதானமாக வாசித்துமுடித்த பிறகு அவரோடு முன்போலச் சத்தம் போட உங்களுக்கு மனம் வராது.

காத்தான்குடி, இல்லத்தரசி: வீட்டில் தெரிந்தால் பிடிக்காது. புனைபெயரில் எழுதலாமா?

தாராளமாக. நீலாவணன் என்பதே புனைபெயர்தான். கே. சின்னத்துரை தன் ஊரான பெரியநீலாவணையிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது. பட்டறையிலும் அந்தப் பெயரிலேயே உங்களை அழைப்போம். படம் எடுப்பதில்லை. சின்னப் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பக்கத்து அறையில் பாய் விரித்திருப்போம்.

கணவரைப் பற்றி, மாமியைப் பற்றி எழுதலாமா என்றும் தனியாகக் கேட்டிருந்தீர்கள். முதலில் எழுதுங்கள். வெளியிடுவதா இல்லையா என்பதை ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் முடிவெடுக்கப் போனால் ஒரு வரியும் எழுத முடியாது.

சாய்ந்தமருது, பல்கலைக்கழக மாணவர்: ஹைக்கூவுக்கு ஐந்து, ஏழு, ஐந்து என்று எழுத்து எண்ண வேண்டுமா?

வேண்டாம். அது ஜப்பானிய ஒலியளவுக் கணக்கு, தமிழ் எழுத்துக்கு அப்படியே பொருந்தாது. இரண்டு காட்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நடுவிலிருந்து நீங்கள் விலகிவிட வேண்டும். மூன்றாவது வரியில் தத்துவம் சொன்னால் ஹைக்கூ போய்விடும்.

செங்கலடி, விவசாயி: கவியரங்கத்தில் கைதட்டு வாங்கிய கவிதையைத் தாளில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஏன்?

மேடையில் கேட்கிறவர் திரும்பிப் போய்க் கேட்க முடியாது. அதனால் மேடைக் கவிதை ஒரே வரியை மூன்று தடவை சொல்லும், எதிர்பார்க்க வைத்துத் திருப்பும், கைதட்டுக்கு இடம் விடும். அது குறையில்லை, அந்த இடத்துக்குத் தேவையான திறமை. தாளில் வரும்போது அந்த மூன்று தடவையில் இரண்டை எடுத்துவிடுங்கள். மீதியில் ஒரு காட்சி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான் உங்கள் கவிதை. இல்லாவிட்டால் அது நல்ல மேடைப் பேச்சு, அடுத்த கவியரங்கத்துக்கு வையுங்கள்.

கல்முனை, எழுதுவினைஞர்: வருவதற்கு முன் எதை வாசிக்க வேண்டும்?

குறுந்தொகையிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் நாலு முதல் எட்டடிக்குள் முடிகிற பாட்டுகள். கடவுள் வாழ்த்தோடு 401. ஒரு நாளைக்கு ஒன்று போதும், உரையோடு. செம்மண்ணில் பெய்த மழையைப் பாடிய புலவருக்குச் சொந்தப் பெயரே மிஞ்சவில்லை, செம்புலப்பெயனீரார் என்று அந்த வரியையே பெயராகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு காட்சி அவ்வளவு தூரம் நிற்கும் என்பதை அங்கே பார்க்கலாம். நெய்தல் பாட்டுகளை வாசித்துவிட்டு உங்கள் கடற்கரைக்கு ஒருமுறை நடந்து போய்வாருங்கள்.

அப்புறம், உங்கள் ஊர் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்', 1984இல் வந்தது. உங்கள் ஊரிலேயே சோலைக்கிளி இருக்கிறார், பக்கத்தில் சாய்ந்தமருதில் அனார். படிமத்தை இருவரும் வேறு வேறு விதமாகக் கையாளுகிறார்கள், ஒருவரை வாசித்த கையோடு மற்றவரை வாசித்துப்பாருங்கள். பழைய இலங்கைப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆரையம்பதி, அரச ஊழியர்: எண்பது கவிதை இருக்கிறது. இந்த வருடம் புத்தகம் போடலாமா?

எண்பதையும் வைத்துக்கொண்டு நாற்பதைத் தெரிவுசெய்யுங்கள். தெரிவை நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள், உங்களைப் புகழாத ஒருவரிடம் கொடுங்கள். மெய்ப்புப் பார்ப்பதற்கு இன்னொருவர் வேண்டும். சர்வதேசத் தராதரப் புத்தக எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பிரதிகளைக் குறைவாக அடியுங்கள். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், பொன்னாடை, அதிதிகளின் பெயர்ப்பட்டியல் என்று செலவழிக்கிற காசில் பாதியைத் தாளுக்கும் அட்டைக்கும் போடலாம். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனையோ விழாக்களில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் கைமாறி முடிந்தும் ஒரு கவிதைகூட வாசிக்கப்படவில்லை. அது எனக்கு மிகவும் வலிக்கிறது. உங்கள் விழாவில் ஐந்து கவிதைகளை ஐந்து பேர் வாசிக்கட்டும், அதிதி உரைகளைக் குறையுங்கள்.

கத்தாரிலிருந்து, சம்மாந்துறைக்காரர்: ஊருக்கு வர இன்னும் ஒரு வருடம் ஆகும். நான் இங்கே இருந்து என்ன செய்யலாம்?

உங்கள் ஊரைச் சுற்றியுள்ள வயல் வட்டைகளின் பெயர்களை நினைவிலிருந்து எழுதுங்கள். மறந்ததை வாப்பாவிடம் போனில் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அங்கே நீங்கள் கண்ட ஒரு பொருளையும் கேட்ட ஒரு சத்தத்தையும் எழுதுங்கள். உணர்ச்சியைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். பிறகு இதையே இப்போது வேலை செய்கிற இடத்துக்கும் செய்யுங்கள். அங்குள்ள கருவிகளின் பெயர், உங்கள் அறையில் இருக்கிற மற்ற நாட்டுக்காரர் அவற்றைச் சொல்கிற விதம், எல்லாம். இரண்டு பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள், எங்கே கவிதை இருக்கிறது என்று அடையாளம் போட்டு அனுப்புகிறேன். ஊரை நினைத்து ஏங்குகிற கவிதைகள் நிறைய வருகின்றன, வேலைத்தலத்திலிருந்து வருகிற கவிதை மிகக் குறைவு. அதை நீங்கள்தான் எழுத முடியும்.

வவுணதீவு, முன்பள்ளி ஆசிரியை: என்ன கொண்டுவர வேண்டும் டீச்சர்? வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்கு நேரம் சரிவருமா?

ஒரு சீஆர் கொப்பி, இரண்டு பேனை, நீங்கள் எழுதிய ஒரு கவிதை. எழுதவேயில்லை என்றால் நான் முதலில் சொன்ன முப்பது சொற்கள். படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்குக் காலை பஸ் பிந்தும் என்று தெரியும், அதனால் ஒன்பதரைக்குத்தான் தொடங்குவோம், ஒரு மணிக்கு முடிப்போம். அறநெறி வகுப்பு எடுக்கிறவர்கள் பலர் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன். பணம் இல்லை. போட்டோ கொப்பிச் செலவை மட்டும் பங்குபோட்டுக்கொள்வோம்.